மறு: மறு: ரீடைரெக்ட் – என்ன சொல் போடுவது? (புதன் அச்சுக்குப் போகுது)

உப்புவெளி:

வணக்கம். திருகோணமலை வகுப்புக்கான சி மொழிச் செய்முறைத் தாள் புதன்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். வழுநீக்கிப் (டிபக்கர்) பகுதியில் ஒரு சொல் இடிக்கிறது: திரைக்கு வருவதைக் கோப்புக்கு அனுப்பும் ‘ரீடைரெக்ட்’டுக்குத் தமிழில் என்ன போடுவது?

நாங்கள் பாவிப்பது ஜிடிபி என்ற வழுநீக்கிக்கு மேலே கட்டிய சின்ன முகப்பு. பதிவு (ஜிடிபி அச்சிடுவதைக் கோப்பில் சேர்ப்பது) ஓடிக்கொண்டிருக்கும்போது ‘கோப்புக்கு மட்டும்’ என்ற பொத்தானை அழுத்தினால் ஒன்றும் மாறாது. திரையிலும் வரும், கோப்பிலும் வரும். பதிவைத் திறந்த நேரத்தில் ரீடைரெக்ட் எப்படி இருந்ததோ அப்படித்தான் ஜிடிபி நடத்தும். இடையில் மாற்றினால் “பதிவை நிறுத்தித் திரும்பத் தொடங்கு” என்று எச்சரிக்கும். முகப்பு அந்த எச்சரிக்கையைக் காட்டாமல் விழுங்கிவிட்டது. இப்போது திருத்தியாயிற்று: பதிவை நிறுத்து, ரீடைரெக்ட்டை ஒன் ஆக்கு, பதிவைத் தொடங்கு. கவனம்: ஓவர்ரைட் (பழையதன் மேலேயே எழுதுவது) ஒன் ஆக இருந்தால் திரும்பத் தொடங்கும்போது பழைய பதிவு அத்தனையும் அழியும். அதை முதலிலேயே ஓஃப் ஆக்கவேண்டும்.

பொத்தானுக்கு ஏவல் வேண்டும், விளக்கத்துக்குப் பெயர் வேண்டும், பிழைச்செய்திக்குப் பெயரெச்சம் வேண்டும். ‘திசைதிருப்பல்’ பொத்தானில் அடங்குதில்லை. அவுட்புட்டுக்கு வருவிளைவா வெளியீடா என்ற பழைய சண்டையைத் தயவுசெய்து இங்கே தொடங்கவேண்டாம்.

தம்பலகாமம்:

தங்கச்சி, ‘மடைமாற்று’. தேடிப் போகத் தேவையில்லை. ‘மாற்று’ ஏவலாகவும் வரும், விகுதி இல்லாமல் முதனிலைத் தொழிற்பெயராகவும் நிற்கும். ‘மடைமாற்றிய வெளியீடு’ என்று பெயரெச்சமும் கிடைக்கிறது. உங்கள் மூன்று தேவையும் தீர்ந்தது.

மடை என்பது ‘மடு’ என்ற வினையோடு சேர்ந்த சொல். மடுத்தல் என்றால் உட்கொள்ளச் செய்தல், செவிமடுத்தலும் அதுதான். வயலுக்குத் தண்ணீரை ஊட்டுவது மடை, சாமிக்குப் படைப்பது மடை, அதைச் சமைக்கிற இடம் மடைப்பள்ளி, சமைக்கிறவர் பழந்தமிழில் மடையர். கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டன் கட்டினான் என்று சொல்லிவரும் ஊரில் இருந்துகொண்டு திசையைத் திருப்புவானேன்?

கிண்ணியா:

மாஸ்டர், பொத்தானில் தொடங்கி மடையர் வரைக்கும் வந்தாச்சு. பொடியன்மார் கடைசியில் ஆங்கிலக் கையேட்டைத்தான் திறக்கப்போறாங்க. ‘ரீடைரெக்ட்’ என்றே தமிழில் எழுதிவிட்டால் என்ன குறை? தமிழ்தான் வேணும் என்றால் விக்கிப்பீடியாவில் ஏற்கெனவே ‘வழிமாற்று’ இருக்கு. இன்னொன்று எதுக்கு?

உப்புவெளி:

வழிமாற்றை யோசித்தேன். ‘மாற்று வழி’ என்று வாசித்துவிட்டு வேறு ஏதோ தெரிவு என்று நினைக்கிறார்கள். பக்கத்தை வேறு பக்கத்துக்கு அனுப்புவதற்கு அது சரி. இங்கே குழப்பும்.

மூதூர்:

மாஸ்டர் கோபிக்கக்கூடாது. மடை என்றதும் ஓடுகிற தண்ணீரை மறித்து வேறு பக்கம் விடுவதுதான் மனதில் வரும். ஷெல் (தட்டும் கட்டளையை வாங்கி இயக்குவது) செய்வது அதுவல்ல. வழமையான வெளியீட்டுக்கு 1, பிழைச்செய்திக்கு 2 என்று எண். செய்நிரல் தொடங்க முன்னரே, 1 என்ற எண் எதைக் காட்டவேண்டும் என்று மாற்றி வைத்துவிடுகிறது. அந்த நேரத்தில் எதுவும் ஓடவில்லை.

இது வெறும் சொற்சண்டை இல்லை. செய்நிரலைத் தொடக்கும் ஜிடிபியின் ரன் கட்டளையை மாணவர்கள் இப்படி எழுதுவார்கள் (‘விடை’ என்பது கோப்பின் பெயர்):

ரன் 2>&1 > விடை

மடைக் கணக்கில் பார்த்தால் 2 ஐ 1 இற்குள் வெட்டிவிட்டோம், 1 ஐக் கோப்புக்குத் திருப்பினோம், இரண்டும் கோப்புக்குப் போகவேண்டும். போகாது. ஷெல் இடமிருந்து வலம் பார்க்கும். 2>&1 வரும்போது 1 திரையைக் காட்டிக்கொண்டிருக்கிறது; 2உம் திரையையே காட்டும்படி நகலாகிறது. அதன்பிறகு 1 மட்டும் கோப்புக்கு மாறுகிறது. பிழைச்செய்தி திரையிலேயே நிற்கும். சரியானது:

ரன் > விடை 2>&1

ஆகவே ‘இலக்குமாற்று’. எண் காட்டும் இலக்கு மாறுகிறது, அவ்வளவுதான்.

தாளில் இன்னொன்றும் பிரித்துச் சொல்லவேண்டும். ஜிடிபியின் பதிவு ஜிடிபி அச்சிடுவதை மட்டும் பிடிக்கும். செய்நிரல் பிரின்ட்எஃப் கொண்டு அச்சிடுவது அதில் வராது. அதற்கு ரன்னோடு > போடவேண்டும். ஜிடிபியைத் தொடங்குகிற வரியிலேயே > போட்டால் ஜிடிபி பேசுவதும் கோப்புக்குள் போய்த் திரை வெறுமையாக நிற்கும், கருவி செத்துப்போச்சு என்பார்கள். ஷெல் இல்லாமல் தொடங்கும்படி ஜிடிபியில் அமைத்திருந்தால் ரன்னோடு போட்ட > செய்நிரலுக்கு ஒரு உள்ளீட்டுச் சொல்லாகவே போய்ச்சேரும், கோப்பே உருவாகாது.

தம்பலகாமம்:

தண்ணீர் வர முன்னமே துருசைத் திறந்து வைக்கிறதில்லையா? மடைக்கு ஓட்டம் கட்டாயமில்லை. ‘இலக்கு’ வடசொல் என்பார் ஒரு சாரார், ‘இலங்கு’ அடியாகப் பிறந்தது என்பார் மறுசாரார். அந்த வழக்கு முடியாமல் அதை எப்படிக் கலைச்சொல்லாக எடுப்பது? அதோடு, ‘இலக்குமாற்று’ என்றால் வாழ்க்கையின் குறிக்கோளை மாற்றச் சொல்வதுபோல் கேட்கிறது.

மடை பிடிக்காவிட்டால் ‘ஆற்றுப்படுத்து’. ஆறு என்றால் வழி. பத்துப்பாட்டில் சரிபாதி, ஐந்து பாட்டு, ஆற்றுப்படை.

உப்புவெளி:

மாஸ்டர், இங்கே ஆற்றுப்படுத்தல் என்றால் உளவளத்துணை. பிழைச்செய்தியை உட்கார வைத்துக் கதை கேட்பதாக நினைப்பார்கள்.

நிலாவெளி:

சொல் எதுவானாலும், எழுதியது வெளியே வராமல் பஃபரில் தேங்கிக் கிடப்பதைப் பற்றி ஒரு பந்தி சேருங்கோ. கூடுதலான முறைப்பாடு அதில்தான் வரும். முனையத்துக்கு (திரைக்கு) எழுதும்போது வரி முடிய வெளியே வரும். கோப்புக்கு மாற்றியதும், பொதுவாக 4096 பைட்டு சேரும்வரை உள்ளேயே கிடக்கும். தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டு, செக்மென்டேஷன் ஃபோல்ட்டில் விழுந்து செத்தால் கிடந்ததெல்லாம் போச்சு, கோப்பு வெறுமை. குற்றம் ரீடைரெக்ட்டில் விழும். ஜிடிபிக்குள் என்றால் விழுந்த இடத்தில் செய்நிரல் நின்றுகொண்டிருக்கும். அங்கே, தேங்கியதை வெளியேற்றச் சொல்லும் ‘கோல் (இன்ட்) எஃப்ஃபிளஷ்(0)’ கொடுத்தால் கோப்புக்கு வந்துவிடும். ஸ்டிடிஎர் (பிழைச்செய்தி போகும் 2) தேங்காது, அவசரத்துக்கு அதிலேயே எழுதலாம்.

பஃபருக்கும் சொல் வேண்டுமே. சீனக்குடாவில் எண்ணெய் சேமிக்கும் குதம் இருக்கிற ஊர்தானே, ‘குதம்’ எப்படி?

கிண்ணியா:

உயிரியல் புத்தகத்தில் குதம் என்று எதைப் போட்டிருக்கு என்று பார்த்திட்டு எழுதுங்க. “குதத்தை வெளியேற்று” என்று பலகையில் எழுதினால் அன்றைக்கு வகுப்பு அதோடு சரி.

தம்பலகாமம்:

நல்ல சொல்லை உயிரியலுக்கு மட்டும் எழுதிக்கொடுத்தது யார்? இருந்தாலும், ‘தேக்கம்’ போதும். ரீடைரெக்ட் ஓஃப் ஆக இருக்கும்போது திரைக்கும் கோப்புக்கும் இரண்டுக்கும் போகிறதே, அதற்குப் ‘பிரிவாய்க்கால்’ என்று வையுங்கள்.

மூதூர்:

வாய்க்காலைப் பிரித்தால் தண்ணீர் பாதி பாதியாகத்தான் போகும், மாஸ்டர். இங்கே இரண்டு பக்கமும் முழுசாகப் போகிறது.

உப்புவெளி:

அச்சகம் இரண்டு தரம் அழைப்பு எடுத்துவிட்டது. பொத்தானில் ‘மடைமாற்று’, பஃபருக்குத் ‘தேக்கம்’. பேசாமல் இருந்தவர்களை ஆதரவு என்று கணக்குப் பண்ணிவிட்டேன். முதல் தடவை வரும் இடத்தில் ‘ரீடைரெக்ட்’ என்றும் பக்கத்தில் எழுதுகிறேன், கிண்ணியாவுக்காக. இரண்டு பக்கமும் போவதற்குச் சொல் இல்லை. ‘திரைக்கும் கோப்புக்கும்’ என்று நீட்டி எழுதியிருக்கிறேன்.

மூதூர்:

என் எதிர்ப்பு அப்படியே இருக்கிறது. 2>&1 பயிற்சியைக் கடைசிப் பக்கத்திலிருந்து எடுத்துப் பொத்தான் விளக்கத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். அடுத்த பதிப்புக்கு ‘இலக்குமாற்று’ மறுபடி வரும்.

தம்பலகாமம்:

வரட்டும். அதற்குள் ‘இலங்கு’ பற்றி ஒரு நீண்ட மடல் அனுப்பிவிடுகிறேன்.