1 கப் = 240 என்று போட்டால் கேக் மாவு கட்டியாகிவிடுகிறது, எங்கே பிழை?

கேள்வி:
குறிப்பில் மைதா 3 கப், சர்க்கரை 1½ கப், கோகோ ½ கப், உப்பு 1 டீஸ்பூன். கப்புக்கு 240 என்று வைத்து மைதா 720, சர்க்கரை 360, கோகோ 120 கிராம் போட்டிருக்கிறேன். கரண்டியே நகரவில்லை. தராசு சரியாகத்தான் இருக்கிறது. கலந்ததை ஏதாவது செய்ய முடியுமா?

பதில் 1:
240 என்பது மில்லி. அதை அப்படியே கிராமாக எடுப்பது தண்ணீருக்குத்தான் சரி. ஒரு கப்புக்கு மைதா 120–125 கிராம், சர்க்கரை 200, ஐசிங் சுகர் 115–120, அமுக்கி நிரப்பிய பிரவுன் சுகர் 215 அளவில், ஓட்ஸ் 90, கோகோ 85–100. உங்கள் குறிப்புக்கு மைதா 360, சர்க்கரை 300, கோகோ 45 போதும்.

மைதா சரியாக இரண்டு மடங்கு விழுந்திருப்பதால் கலவையைக் காப்பாற்றலாம். இரண்டு கேக்காகக் கணக்குப் போடுங்கள்: சர்க்கரை இன்னும் 240 கிராம்; முட்டை, பால், கொழுப்பு, பேக்கிங் பவுடர், உப்பு எல்லாம் இரட்டிப்பு. கோகோ 30 கிராம் மிஞ்சும். அது ஈரத்தை இழுக்கும் என்பதால் பால் இரண்டு மூன்று ஸ்பூன் கூடுதலாக விடுங்கள்.

பதில் 2:
மைதாவுக்கு அந்த 120 கூட கப்பை நிரப்பும் விதத்தைப் பொறுத்ததுதான். பைக்குள் கப்பை விட்டு அள்ளினால் 140–150 கிராம் வரும். 3 கப்பில் 60 கிராமுக்கு மேல் ஏறிவிடும். முதலில் மாவைக் கிளறித் தளர்த்துங்கள், கரண்டியால் கப்பில் கும்மாச்சியாகப் போடுங்கள், கத்தியின் முதுகால் வழித்துவிடுங்கள். நடுவில் கப்பைத் தட்டக் கூடாது. தட்டினால் மாவு இறங்கும், அந்தப் பள்ளத்தையும் நிரப்புவோம், எடை கூடும். சர்க்கரைக்கு இந்தத் தொல்லை கிடையாது, எப்படி அள்ளினாலும் 200-ஐ ஒட்டித்தான் நிற்கும்.

'சலித்த மைதா 1 கப்' என்றிருந்தால் சலித்தபின் அளக்க வேண்டும். 'மைதா 1 கப், சலித்துக்கொள்ளவும்' என்றால் அளந்தபின் சலிப்பது. குறிப்பே கிராமில் இருந்தால் இரண்டும் ஒன்றே.

கேட்டவர்:
நன்றி, கலவை இளகிவிட்டது. என் கப்பில் 250 மில்லி என்று இருக்கிறதே? உப்பைத் தராசில் தூவினால் எண் அசையவே இல்லை.

பதில் 1:
குறிப்பு எந்த நாட்டுடையது என்று பாருங்கள். அமெரிக்கக் கப் 237 மில்லி (240 என்று வைத்துக்கொள்வார்கள்), ஆஸ்திரேலியக் கப் 250, ஜப்பானியக் கப் 200. டேபிள்ஸ்பூன் பொதுவாக 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் மட்டும் 20. எல்லாவற்றையும் ஒரே கப்பில் அளந்தால் 240-க்கும் 250-க்கும் உள்ள வித்தியாசம் பெரிதாகக் கெடுக்காது. எண்ணிக்கையில் போடும் முட்டைதான் விகிதத்தில் கொஞ்சம் பின்தங்கும்.

கப்பில் அச்சிட்டிருப்பதை நம்பாதீர்கள். காலிக் கப்பைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். காட்டும் கிராமே கப்பின் மில்லி.

பதில் 3:
உப்பு விஷயம்: பூஜ்யம் காட்டும்போது சிறிது சிறிதாகத் தூவினால், சில தராசுகள் அதைத் தட்டின் ஆட்டமாக எடுத்துக்கொண்டு பூஜ்யத்திலேயே நிற்கும். கிண்ணத்தின் எடையைப் பூஜ்யமாக்காமல் விட்டு, கடைசியில் கழித்துக்கொள்ளுங்கள். ஆனாலும் 1 கிராம் படியில் காட்டும் தராசுக்கு 10 கிராமுக்குக் கீழே ஸ்பூனே மேல். வழித்த 1 டீஸ்பூனுக்குத் தூள் உப்பு 6 கிராம், பேக்கிங் பவுடர் 4–5, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3.

செதில் உப்பு வாங்கினால் இந்தக் கணக்கு செல்லாது. 10 கிராமுக்குத் தூள் உப்பு 1⅔ டீஸ்பூன் போதும். லேசான செதில் என்றால் மூன்றரை வரை போகும். அதைப் பத்து டீஸ்பூன் சேர்த்து எடை போட்டு, பத்தால் வகுத்து டப்பாவின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.