நார்வே ஃபியோர்டில் உல்லாசக் கப்பல்: உலகக் கோப்பை இறுதிப் போட்டியை நேரலையில் பார்க்க வழி உண்டா?

வலதுவிளிம்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஜூலை 2026-இல் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு நார்வேயின் ஃபியோர்டுகளை, அதாவது மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீளும் குறுகிய கடல் நீர்வழிகளைச் சுற்றிவரும் உல்லாசக் கப்பல் ஒன்றில் செல்ல இருக்கிறோம். அவர்களுடைய திருமண நாளை ஒட்டிய பயணம் என்பதால் தேதியை மாற்றும் பேச்சுக்கே இடமில்லை. ஜூலை 19 அன்று, அதாவது உலகக் கோப்பைக் கால்பந்தின் இறுதிப் போட்டி நாளில், கப்பல் ஒரு ஃபியோர்டின் உட்கோடியில் உள்ள கெய்ராங்கர் என்ற ஊரில் நிற்கிறது. நியூ ஜெர்சியில் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நார்வே நேரப்படி இரவு 9 மணிக்கு வரும்.

கப்பல் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டேன். முக்கிய விளையாட்டு நிகழ்ச்சிகளை ஒளிபரப்ப முயல்வதாகவும், எதற்கும் உறுதி அளிக்க இயலாது என்றும் பதில் வந்தது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கேபினில் உள்ள தொலைக்காட்சியில் ஆட்டம் வருமா? வராவிட்டால், கப்பலின் வைஃபையை வாங்கி, நான் ஏற்கெனவே சந்தா கட்டியிருக்கும் செயலியில் பார்க்க முடியுமா? கைப்பேசியில் ஓடுவதை அந்தத் தொலைக்காட்சியில் இணைக்க இயலுமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நங்கூரம் எழுதியது:

நிறுவனத்தின் பதில் மழுப்பலாகத் தோன்றினாலும், அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஒளிபரப்பு உரிமைகள் பெரும்பாலும் நாடு வாரியாக விற்கப்படுகின்றன. ஆனால் கப்பல்களுக்கும் விமானங்களுக்குமான உரிமை தனியாக விற்கப்படுகிறது. ஒரு நாட்டில் உரிமை பெற்ற தொலைக்காட்சி நிறுவனம் அதே ஆட்டத்தை நடுக்கடலில் உள்ள கப்பலுக்குக் கொடுத்துவிட முடியாது. இந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே ஸ்போர்ட் 24 போன்ற அலைவரிசைகள் இருக்கின்றன. 2012-இல் தொடங்கப்பட்ட அது விமானங்களிலும் கப்பல்களிலும் மட்டுமே கிடைக்கும் நேரலை விளையாட்டு அலைவரிசை. வீட்டில் அதை யாரும் வாங்க முடியாது.

எனவே “உலகக் கோப்பை காட்டுவீர்களா” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். உங்கள் கப்பலின் பெயரையும் புறப்படும் தேதியையும் குறிப்பிட்டு, கேபின் தொலைக்காட்சியில் எந்தெந்த விளையாட்டு அலைவரிசைகள் வருகின்றன, 2026 போட்டிக்குக் கப்பல் உரிமை பெறப்பட்டுள்ளதா, இறுதிப் போட்டியைப் பொது இடத்தில் எந்தத் திரையிலாவது காட்டும் திட்டம் உள்ளதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். மொத்தமாகக் கேட்டால் மொத்தமான பதில்தான் வரும். ஒரே நிறுவனத்தின் இரண்டு கப்பல்களில்கூட அலைவரிசைப் பட்டியல் வேறுபடுவது சாதாரணம் என்பதால், வேறு கப்பலில் போய்வந்தவர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம்.

நீலத்திரை எழுதியது:

இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இப்போது பெரிய கப்பல்கள் பலவற்றில் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையச் சேவை வந்துவிட்டது. இருப்பதிலேயே வேகமான வைஃபை திட்டத்தை வாங்கிக்கொண்டால் வீட்டில் பார்ப்பது போலவே பார்க்கலாம்.

வடதுருவ வாசகர் எழுதியது:

நீலத்திரை அவர்களின் கருத்து திறந்த கடலுக்குப் பொருந்தும். கெய்ராங்கருக்கு அவ்வளவு எளிதாகப் பொருந்தாது. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இந்தக் கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

கப்பல் தொலைக்காட்சிக்கான சமிக்ஞை பெரும்பாலும் புவிநிலைச் செயற்கைக்கோள்களிலிருந்து வருகிறது. அவை நிலநடுக்கோட்டுக்கு மேலே, ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுற்றுவதால் வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரிகின்றன. நாம் வடக்கே போகப் போக அவை தெற்கு அடிவானத்தை நோக்கித் தாழ்ந்துகொண்டே போகும். கெய்ராங்கர் ஏறக்குறைய 62 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. செயற்கைக்கோள் நேர் தெற்கில் இருந்தால்கூட அங்கே அது அடிவானத்துக்கு மேல் 20 பாகை உயரத்தில்தான் தெரியும். சற்றுக் கிழக்கிலோ மேற்கிலோ இருந்தால் இன்னும் தாழ்வு. அந்த ஃபியோர்டின் இரு கரைகளிலும் ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட மலைகள் நீரிலிருந்தே செங்குத்தாக எழுகின்றன. கிணற்றின் அடியில் நின்று வானம் பார்ப்பது போன்ற நிலைதான். கப்பலின் மேல்தளத்தில் வெள்ளைக் குவிமாடங்களுக்குள் இருக்கும் ஆன்டெனாக்கள் அலையின் ஆட்டத்துக்கு ஏற்பத் திரும்பித் திரும்பிச் செயற்கைக்கோளைப் பின்தொடரும் திறன் கொண்டவை. ஆனால் மலையைத் துளைத்துப் பார்க்கும் திறன் எந்த ஆன்டெனாவுக்கும் கிடையாது. உரிமை இருந்தும், அலைவரிசை இருந்தும், ஆட்டம் தொடங்கும் நேரத்தில் திரையில் ‘சமிக்ஞை இல்லை’ என்ற எழுத்து மட்டும் நிற்கக்கூடும்.

ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்திலேயே வானத்தைக் கடந்து ஓடிக்கொண்டிருப்பதால், தெற்கு மறைந்தாலும் தலைக்கு மேலே ஏதாவது ஒன்று தென்படும். அந்த வகையில் அது மேல்தான். ஆயினும் மலைகளுக்கு இடையே தெரியும் வானம் குறுகும்போது, ஒரு செயற்கைக்கோள் மறைந்து அடுத்தது வரும் வரை சில நொடிகள் தடைபடலாம். செய்திகள் அனுப்புபவருக்கு அது தெரியவே தெரியாது. பெனால்டி உதையைப் பார்ப்பவருக்குத் தெரியும்.

வலதுவிளிம்பு எழுதியது:

மிக்க நன்றி. நங்கூரம் அவர்கள் சொன்னபடி பிரித்துக் கேட்டதில் உருப்படியான பதில் கிடைத்தது. கப்பலில் ஸ்டார்லிங்க் உண்டு. வைஃபையில் இரண்டு திட்டங்கள் உள்ளன; ஒன்றில் செய்தி அனுப்பவும் இணையதளங்கள் பார்க்கவும் மட்டுமே முடியும், மற்றதில்தான் காணொளி அனுமதி. இறுதிப் போட்டியைப் பொதுத் திரையில் காட்டுவது கப்பலில் ஏறிய பிறகே முடிவாகுமாம். கெய்ராங்கரிலிருந்து மாலை 6 மணிக்குப் புறப்படுகிறோம். எங்களுக்கு ஒதுக்கிய இரவு உணவு இரண்டாம் பந்தியில், எட்டரை மணிக்கு. ஒன்பது மணிக்குக் கப்பல் எங்கே இருக்கும்?

வடதுருவ வாசகர் எழுதியது:

கெய்ராங்கரிலிருந்து திறந்த கடலுக்கு ஃபியோர்டுகள் வழியாகச் சுமார் நூறு கிலோமீட்டர் போக வேண்டும். குறுகிய நீர்வழி என்பதால் கப்பல் நிதானமாகவே செல்லும். எனவே ஆறு மணிக்குப் புறப்பட்டால் ஒன்பது மணிக்கும் நீங்கள் ஃபியோர்டுக்குள்தான் இருப்பீர்கள். மிகக் குறுகிய பகுதியைக் கடந்து அகன்ற பகுதிக்கு வந்திருப்பீர்கள் என்பது ஆறுதல். முதல் பாதியை விட இரண்டாம் பாதியில் சமிக்ஞை சீராக இருக்க வாய்ப்பு அதிகம்.

கரையோரம் எழுதியது:

இதுவரை யாரும் சொல்லாத ஒன்றைச் சேர்க்கிறேன். செயற்கைக்கோளுக்குப் பாதகமான அந்த இடமே கரையில் உள்ள கைப்பேசிக் கோபுரங்களுக்குச் சாதகமான இடம். ஃபியோர்டுக்குள் கப்பல் போகும்போது இரு பக்கமும் நிலம் அருகிலேயே இருக்கிறது. நார்வேயில் கரையோர ஊர்களைச் சுற்றிக் கைப்பேசி இணைப்பு பொதுவாக நன்றாகவே இருக்கும். ஆகவே உங்கள் வழக்கமான சிம்மில் நார்வேக்கான ரோமிங் திட்டத்தைப் பயணத்துக்கு முன்பே போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் இரண்டாவது நன்மையும் உண்டு, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கப்பலின் வைஃபையில் நீங்கள் செயலியைத் திறந்தால், கப்பலின் இணையப் போக்குவரத்து எந்த நாட்டில் தரையிறங்குகிறதோ அந்த நாட்டில் நீங்கள் இருப்பதாகச் செயலி நினைக்கும். அந்த நாட்டின் உரிமை வேறொருவரிடம் இருந்தால், “உங்கள் பகுதியில் கிடைக்காது” என்று கைவிரித்துவிடும். சந்தா கட்டியிருப்பது அங்கே எடுபடாது. இதைத் தாண்ட, வேறு நாட்டில் இருப்பதாகக் காட்டும் விபிஎன் போடலாமே என்பார்கள். ஆனால் கப்பல்கள் சில அதைத் தடுத்துவிடுகின்றன, செயலிகளும் அதைக் கண்டுபிடித்து மறுக்கின்றன, போதாக்குறைக்கு அது செயலியின் விதிகளுக்கு மாறாகவும் இருக்கலாம். சாதாரண ரோமிங்கிலோ உங்கள் தரவு பெரும்பாலும் சொந்த நாட்டு நிறுவனத்தின் வழியாகவே இணையத்துக்குப் போகிறது. எனவே செயலியின் கண்ணுக்கு நீங்கள் ஊரில் இருப்பவராகவே தெரிய வாய்ப்பு அதிகம். பயணத்துக்கென்று புதிதாக வாங்கும் இ-சிம்களில் இது மாறுபடும். இருப்பிடத்தை ஜிபிஎஸ் வழியாகச் சரிபார்க்கும் செயலிகளும் உண்டு. ஆதலால் முதல் துறைமுகத்தில் இறங்கியவுடனேயே ஏதாவது ஒரு நேரலையைத் திறந்து சோதித்துவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. கப்பலுக்கென்று தனிக் கைப்பேசி வலையமைப்பு ஒன்று இருக்கும். அது செயற்கைக்கோள் வழியாக இயங்குவது, நாட்டு ரோமிங் திட்டத்தில் அடங்காதது, கட்டணம் மிகக் கடுமையானது. துறைமுகத்தில் அதை அணைத்து வைப்பார்கள்; கடலை நெருங்கும்போது எப்போது உயிர்பெறும் என்று சொல்ல முடியாது. எனவே வலையமைப்புத் தேர்வைத் தானியங்கியில் விடாமல், நார்வேயின் கரை வலையமைப்புகளான டெலினார் அல்லது டெலியாவைக் கையால் தேர்ந்தெடுங்கள். டெலினார் மேரிடைம் என்பது கப்பல்களுக்கான சேவை. பெயரின் முன்பாதி ஒன்றாக இருப்பதால் அவசரத்தில் அதைத் தொட்டுவிட வேண்டாம். கோபுர இணைப்பு போய்விட்டால் உடனே ஏரோப்ளேன் மோடுக்கு மாற்றி, வைஃபையை மட்டும் திறந்துகொள்ளுங்கள்.

வலதுவிளிம்பு எழுதியது:

ரோமிங் பற்றி நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் கேபின் உட்பக்கத்தில் இருக்கிறது, ஜன்னல் கிடையாது. அங்கே கோபுர இணைப்பு எட்டுமா?

கரையோரம் எழுதியது:

எட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். சுற்றிலும் எஃகுச் சுவர்கள். திறந்த தளத்திலோ கண்ணாடிச் சுவர் உள்ள ஓய்வறையிலோ உட்கார வேண்டும். அந்த அட்சத்தில் ஜூலை மாதத்தில் இரவு பத்து மணிக்கும் நல்ல வெளிச்சம் இருக்கும் என்பதால், வெளியே கைப்பேசித் திரை சற்று மங்கலாகத்தான் தெரியும். காற்றும் குளிரும் இருக்கும். பெற்றோரும் உடன் பார்ப்பதாக இருந்தால் ஓய்வறையே நல்லது. உயர் தெளிவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 3 ஜிபி வரை செலவாகலாம். கூடுதல் நேரத்தையும் கணக்கில் வைத்துத் திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். தரத்தை ஒரு படி குறைத்தால் செலவு வெகுவாகக் குறையும், கைப்பேசித் திரையில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

மின்பொறி எழுதியது:

தொலைக்காட்சியில் இணைப்பது பற்றிய கேள்வி விடுபட்டுவிட்டது. சில கப்பல்களில் தொலைக்காட்சியில் கேபிள் செருகும் எச்டிஎம்ஐ துளை எட்டும் இடத்திலேயே இருக்கும். சிலவற்றில் தொலைக்காட்சி சுவரோடு ஒட்டியிருக்கும், ரிமோட்டில் உள்ளீட்டை மாற்றும் பொத்தானே இருக்காது. ஒரு கேபிளும் உங்கள் கைப்பேசிக்குப் பொருந்தும் அடாப்டரும் எடுத்துப் போங்கள், பயன்படாவிட்டால் நட்டமில்லை. ஆனால் வைஃபை வழியாகத் திரைக்கு அனுப்பும் சிறு கருவிகளை நம்ப வேண்டாம். கப்பல் வைஃபையில் ஒரு பயணியின் கருவி இன்னொன்றைக் காணாதபடி தடுத்திருப்பார்கள். உள்நுழைவுப் பக்கத்தைத் திறக்கவும் அந்தக் கருவிக்கு வழி இருக்காது. சிறிய ரவுட்டர் கொண்டுபோகும் யோசனை இருந்தால், முதலில் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலைப் பாருங்கள். பல நிறுவனங்கள் அதைப் பறிமுதல் செய்து கடைசி நாளில்தான் திருப்பித் தருகின்றன.

நங்கூரம் எழுதியது:

பொதுத் திரை விஷயத்தில் இன்னும் ஒரு முயற்சி பாக்கி இருக்கிறது. ஏறிய முதல் நாளிலேயே வரவேற்பு மேசையில் எழுத்து மூலமாகக் கேட்டு, அது பொழுதுபோக்குப் பிரிவின் மேலாளரிடம் போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நீச்சல்குளத் தளத்தின் பெரிய திரையில் அன்றிரவு ஏதாவது திரைப்படம் போடத் திட்டமிட்டிருப்பார்கள். பலர் கேட்டால் மாற்றுவார்கள், ஒருவர் கேட்டால் குறித்துக்கொள்வார்கள். இதில் கப்பல் ஊழியர்களும் உங்கள் பக்கம்தான். பல நாடுகளிலிருந்து வந்து வேலை செய்பவர்களுக்கு இந்த ஆட்டத்தின் மேல் நம்மைவிட ஆர்வம் அதிகம், எந்தத் திரையில் எது வருகிறது என்பதும் அவர்களுக்கு முதலில் தெரியும்.

உணவு நேரத்தையும் இப்போதே மாற்றுங்கள். எட்டரை மணிப் பந்தியில் அமர்ந்தால் முதல் பாதி முழுவதும் சூப்புக்கும் இனிப்புக்கும் இடையில் போய்விடும். முதல் பந்தியில் இடம் இல்லையென்றால், அன்றைக்கு மட்டும் பஃபே கூடத்தில் முன்னதாகச் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

வலதுவிளிம்பு எழுதியது:

முதல் பந்திக்கு மாற்றித் தந்துவிட்டார்கள். காணொளி அனுமதியுள்ள வைஃபையை முழுப் பயணத்துக்கும் வாங்காமல், அன்று ஒரு நாளுக்கு மட்டும் வாங்க வழி இருப்பதாகவும் தெரிந்துகொண்டேன். எனவே முதலில் பொதுத் திரை, அது இல்லையென்றால் ஓய்வறையில் ரோமிங், கோபுர இணைப்பு அறுந்தால் வைஃபை என்று வைத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு சந்தேகம் மீதம்: இவற்றில் எதில் பார்த்தாலும் படம் தாமதமாக வருமா?

வடதுருவ வாசகர் எழுதியது:

வரும். செயலி வழி நேரலை, உண்மை ஆட்டத்துக்கு அரை நிமிடமோ அதற்கு மேலோ பின்தங்குவது வழக்கம். எனவே ஆட்டம் முடியும் வரை கோல் அறிவிப்பு தரும் செயலிகளையும் குடும்பக் குழுவின் வாட்ஸ்அப் ஒலியையும் அணைத்து வையுங்கள். பக்கத்து மேசையில் வேறு செயலியில் பார்ப்பவர் இருந்தால், அவருக்கு முதுகு காட்டி உட்காருங்கள்.