ஏற்காட்டுப் பாதையில் ‘கருங்கல்’ எல்லாம் ஒரே பாறைதானா?

மலைப்பாதை:
அடுத்த மாதம் பள்ளி மாணவர்களை ஏற்காட்டில் நடை கூட்டிப்போகிறோம். வழியில் தென்படும் பாறைகளைப் பிள்ளைகளே இனம் காண ஒரு பக்கக் குறிப்பு தயாரிக்கிறேன். நான்கு இடத்தில் இந்தக் குழுவில் உள்ளவர்களிடம் தெளிவு வேண்டும்.

பாதையோரம் எங்கும் பழுப்பு மேற்பரப்புள்ள பெரிய உருண்டைப் பாறைகள். உடைந்த இடத்தில் மட்டும் கரும்பச்சை. ஒரு வெட்டுச்சரிவில் இரண்டடி அகலத்தில் கறுப்புப் பட்டை ஒன்று ஓடுகிறது. ஆங்காங்கே வெள்ளைக் கற்கள். சேர்வராயன் கோயில் பக்கம் துளை விழுந்த செந்நிறக் கல். சுத்தியல், ஆசிட் எல்லாம் தேவைப்படுமா?

சார்னோகைட்:
முதலாவது, அந்த உருண்டைப் பாறைகள், சார்னோகைட் என்ற பாறை. சேர்வராயன் மலையின் உடம்பே அதுதான். பல்லாவரம், பரங்கிமலையில் கிடைக்கும் அதே இனம். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்தப் பாறையில் செய்தது என்பதால் 1893இல் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் இந்தப் பெயரை வைத்தார்.

மேற்பரப்பின் நிறத்தை வைத்து முடிவு செய்ய விடாதீர்கள். வெயிலும் மழையும் பட்ட தோல் பழுப்பாகத்தான் இருக்கும்; அதன்மேல் பாசிப்படலம் வேறு சாம்பலும் வெள்ளையுமாகப் படர்ந்திருக்கும். ஏற்கெனவே உடைந்து கிடக்கும் துண்டில், தண்ணீர் தெளித்து நனைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்க வேண்டியவை:

- குவார்ட்ஸ் (வெங்கச்சங்கல்) மணிகள் வெள்ளையாக இல்லாமல் நீலச்சாம்பலாக, எண்ணெய் தடவியது போல மினுங்கும்.
- ஃபெல்ட்ஸ்பார் என்ற இன்னொரு கனிமமும் பச்சை கலந்த பழுப்பாகவே இருக்கும். கல்லை மெல்லத் திருப்பினால் அதன் தட்டையான பிளவுத்தளம் சட்டென்று ஒளிரும். குவார்ட்ஸுக்குப் பிளவுத்தளமே கிடையாது, அதனால் அப்படி ஒளிராது. இரண்டையும் பிரிக்க இதுவே போதும்.
- வெண்கலச் சாயலுள்ள கரும்பழுப்பு மணிகள் ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம். சார்னோகைட்டுக்கு முத்திரை இதுதான்.

10 மடங்கு லென்ஸ் வாங்குங்கள். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்துக் கல்லை அருகே கொண்டுவர வேண்டும். பிள்ளைகள் லென்ஸைக் கல்லின்மேல் வைத்துவிட்டுத் தூரத்திலிருந்து பார்ப்பார்கள், ஒன்றும் தெரியாது.

சுத்தியல் வேண்டாம். காப்புக்காட்டில் அனுமதியின்றிப் பாறையை உடைக்கவோ எடுத்துவரவோ கூடாது. கண்ணில் சில்லு தெறிக்கும் அபாயமும் உண்டு.

டைக்கு:
கறுப்புப் பட்டையைப் பார்த்ததும் டோலரைட் (பாறைக்குழம்பு உறைந்து உண்டான கரும்பாறை) என்று எழுதிவிடாதீர்கள். சேலம், தருமபுரி வட்டாரத்தில் டோலரைட் டைக்குகள், அதாவது விரிசலில் புகுந்து உறைந்த பட்டைகள், நிறைய உண்டு என்பது உண்மை. ஆனால் சார்னோகைட்டுக்குள்ளேயே பைராக்சீன் என்ற கருங்கனிமம் மிகுந்த கறுப்பு கிரானுலைட் (ஆழத்தில் வெப்பத்தால் உருமாறிய பாறை) பட்டைகளும் வரும். தூரத்திலிருந்து இரண்டும் ஒன்று போலவே தெரியும்.

சுற்றியுள்ள பாறையின் வரிகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று முதலில் பாருங்கள். பட்டை அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் டைக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம். வரிகளோடு சேர்ந்தே வளைந்து போனால் கிரானுலைட். அடுத்தது ஓரம். டைக்கு என்பது விரிசலில் புகுந்த பாறைக்குழம்பு. குளிர்ந்த பாறையைத் தொட்ட விளிம்பு சீக்கிரம் உறைந்துவிடும். அதனால் ஓரத்தில் மணிகள் கண்ணுக்கே தெரியாத அளவு நுண்மையாகவும், நடுவில் சற்றுப் பெரிதாகவும் இருக்கும். கிரானுலைட்டில் ஓரமும் நடுவும் ஒன்றுபோலவே சர்க்கரை மணிகளாகத் தெரியும்.

வெள்ளைக் கற்களுக்கு ஆசிட் உதவாது. மூன்று வெவ்வேறு பொருள்கள் அங்கே வெள்ளையாக இருக்கின்றன:

வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ், கண்ணாடித் துண்டைக் கீறும். எஃகுக் கத்தி அதைக் கீறாது. 1 முதல் 10 வரையான கனிமக் கடின அளவில் அது 7. ஃபெல்ட்ஸ்பார் 6, அதுவும் கண்ணாடியைக் கீறும், ஆனால் படிபடியாகத் தட்டையாக உடைந்திருக்கும். அடிவாரத்தில் சேலம் பக்கம் வெள்ளை நரம்புகளாகத் தெரிவது மேக்னசைட்; உடைந்த முகம் பீங்கான் போல வழவழப்பாக இருக்கும், கத்தி கீறிவிடும்.

கத்திச் சோதனையில் எல்லோரும் ஏமாறுவது ஒரு இடத்தில். கடினமான கல்லில் இழுத்தால் கத்தியின் இரும்பே தேய்ந்து சாம்பல் கோடாக ஒட்டும். ஈர விரலால் துடையுங்கள். கோடு போய்விட்டால் கல் கீறப்படவில்லை. பள்ளம் நின்றால்தான் கீறல்.

மலைப்பாதை:
நன்றி. மேக்னசைட்டும் கார்பனேட்தானே, ஆசிட்டில் பொங்காதா?

டைக்கு:
குளிர்ந்த நீர்த்த அமிலத்தில் கிட்டத்தட்ட அசையாது. பொடியாக்கிச் சூடாக்கிய அமிலம் விட்டால் பொங்கும். கால்சைட் அப்படியில்லை, துளி பட்டதுமே நுரைக்கும். ஆக, பொங்கவில்லை என்பதை வைத்து குவார்ட்ஸ் என்று பிள்ளைகள் எழுதினால் தவறாகிவிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பையில் வைத்துக்கொண்டு அவர்களோடு மலையேறவும் வேண்டாம்.

செம்பாறை:
உச்சியில், சேர்வராயன் கோயில் பக்கம் இருப்பது செம்பாறாங்கல்லும் பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவும் கலந்தது. சார்னோகைட்டில் இருந்த சிலிக்காவையும் மற்றக் கரையும் பொருள்களையும் மழைநீர் நெடுங்காலமாக அரித்துக்கொண்டு போக, அலுமினியமும் இரும்பும் தங்கிவிட்டன. இரும்பு மிகுந்தால் கருஞ்சிவப்பு, கையில் கனக்கும். அலுமினியம் மிகுந்தால் வெளிறிய நிறம், கனம் குறைவு, பல இடங்களில் பட்டாணி அளவு உருண்டைகள். இரண்டுக்கும் நடுவே தெளிவான எல்லை கிடையாது. ‘பாக்சைட் கலந்த செம்பாறை’ என்றே எழுதச் சொல்லுங்கள்.

எடையை வைத்துச் சொல்வதற்குத் தொங்கு தராசு போதும். கல்லை நூலில் கட்டி எடை பாருங்கள். 540 கிராம் என்று வையுங்கள். பிறகு வாளித் தண்ணீரில் முழுக மூழ்கடித்து, அடியைத் தொடாமல் மறுபடி பாருங்கள், 340 கிராம். குறைந்த எடை 200 கிராம். 540ஐ 200ஆல் வகுத்தால் 2.7. சார்னோகைட், குவார்ட்ஸ் இதையொட்டி வரும். டோலரைட் 3க்குப் பக்கத்தில் நிற்கும். துளையுள்ள செம்பாறைக்கு இது சரிவராது, துளைக்குள் காற்று அடைபட்டுக் கணக்கு கெடும்.

இன்னொன்றை யாரும் சொல்லவில்லை. பாதையில் உதிரியாகக் கிடக்கும் ஜல்லியும் தடுப்புச்சுவர்க் கல்லும் லாரியில் வந்தவையாக இருக்கலாம். வேரோடு நிற்கும் பாறையில் மட்டும் பெயர் எழுதச் சொல்லுங்கள், உதிரிக் கல்லுக்கு ‘உதிரி’ என்று தனிப் பத்தி வையுங்கள். படம் எடுக்கும்போது அளவு தெரிய ஒரு பேனாவைப் பக்கத்தில் வைக்க வேண்டும். தூரத்திலிருந்து ஒன்று, உடைந்த முகத்தை நெருங்கி ஒன்று. நெருக்கப் படம் மட்டும் இருந்தால் அந்தக் கறுப்புப் பட்டை டைக்கா கிரானுலைட்டா என்று இங்கே யாராலும் சொல்ல முடியாது.