சொட்டு மருந்து போட்ட பிறகும் ரோட்டா வந்தது ஏன்?

கேள்வி:
என் மகளுக்கு ஒன்பது மாதம் நடக்கிறது. ஆறு, பத்து, பதினான்காவது வாரங்களில் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தைத் தவறாமல் கொடுத்தோம். அப்படியிருந்தும் பத்து நாள்களுக்கு முன் காய்ச்சலும் வாந்தியுமாகத் தொடங்கி, தண்ணீராகவே பேதியாகி, கண்கள் குழிவிழுந்து, அழுதால் கண்ணீர்கூட வராத நிலையில் மருத்துவமனையில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. மலப் பரிசோதனையில் ரோட்டா என்றே வந்தது. இப்போது தேறிவிட்டாள். கிண்ணம் முதல் கரண்டி வரை கொதிநீரில் போட்டெடுத்த எனக்குத்தான் மனம் ஆறவில்லை. மருந்து வீணா, என் கவனிப்பில் குறையா?

மறுமொழி (குழந்தை நல மருத்துவர்):
சகோதரி, குறை உங்களிடம் இல்லை. சுகாதார வசதி மிகுந்த நாடுகளிலும்கூட இந்த வைரஸ் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் ஐந்து வயதுக்குள் ஒரு முறையாவது தொற்றிவிடுகிறது. வேலூரில் 373 குழந்தைகளைப் பிறந்தது முதல் மூன்று வயது வரை தொடர்ந்து கவனித்த ஆய்வு 2011இல் வெளியானது. மெக்சிகோவில் முன்பு நடந்த இதே போன்ற ஆய்வில், இரண்டு முறை தொற்று கண்ட குழந்தைகளுக்கு அதன்பின் கடுமையான நோய் வரவில்லை. வேலூரிலோ மூன்று முறை தொற்றிய பிறகும் 79 சதவீதப் பாதுகாப்பே கிடைத்தது. இயற்கைத் தொற்றே இந்த அளவுக்குத்தான் காக்கிறது என்றால், மருந்திடம் முழுக் காப்பை எப்படி எதிர்பார்ப்பது? நம் நாட்டில் உருவான ரோட்டாவேக் என்ற சொட்டு மருந்து, குழந்தையின் முதல் ஆண்டில் கடுமையான ரோட்டா பேதியைப் பாதிக்குச் சற்று மேல் குறைத்தது. 2016இல் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இம்மருந்து சேர்வதற்கு முன், இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 8,72,000 குழந்தைகள் ரோட்டாவால் மருத்துவமனையில் சேர்ந்ததாகவும் 78,000க்கும் மேற்பட்டோர் இறந்ததாகவும் மதிப்பிட்டிருந்தார்கள். அதில் பாதி என்பது எத்தனை வீடுகள் என்று எண்ணிப் பாருங்கள்.

மறுமொழி (கிராம சுகாதார செவிலியர்):
நான் போகும் வீடுகளில் இன்றும் இதைப் 'பல் முளைக்கிற பேதி' என்று விட்டுவிடுகிறார்கள். தாய்ப்பாலை நிறுத்துகிறார்கள், குடலேற்றம் எடுக்கவும் தூக்கிச் செல்கிறார்கள். நீங்கள் உடனே மருத்துவமனைக்குப் போனதுதான் சரி. அடுத்த முறை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஓ.ஆர்.எஸ். கரைசலை ஓரிரு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம். துத்தநாக மாத்திரை கொடுத்திருப்பார்களே, அதைத் தொடர்கிறீர்களா? பேதி நின்றாலும் பதினான்கு நாள் முழுவதும் கொடுக்க வேண்டும்.

கேட்டவர்:
பேதி நின்றதும் ஆறாம் நாளோடு நிறுத்திவிட்டேன் அக்கா. அட்டையில் எட்டு மாத்திரை அப்படியே இருக்கிறது. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு இன்றே மீண்டும் தொடங்குகிறேன்.