ரிடென்ஷன் பாலிசியில் விலக்கிய பிறகும் ஷேர்பாயிண்ட் சைட் அழிய மறுக்கிறது

நிலா_அட்மின்:
வேலை முடிந்த ப்ராஜெக்ட் சைட் ஒன்று, டீம்ஸோடு இணைந்தது. அட்மின் சென்டரில் டெலீட் கொடுத்தால் கம்ப்ளையன்ஸ் பாலிசி (ஃபைல்களைக் குறிப்பிட்ட காலம் அழியாமல் வைக்கும் ரிடென்ஷன் விதி) தடுக்கிறது என்று எரர். உள்ளே போய் ஃபைல் உள்ள ஃபோல்டரையோ லைப்ரரியையோ அழித்தாலும் அதேதான். ஃபைல்களைத் தனித்தனியாக அழிக்க முடிகிறது, ஆனால் ஸ்டோரேஜ் குறையவே இல்லை. மைக்ரோசாஃப்டின் கம்ப்ளையன்ஸ் தளமான பர்வ்யூவில், பாலிசியின் ஷேர்பாயிண்ட் லொகேஷனில் (பாலிசி பொருந்தும் இடம்) இந்த சைட்டை எக்ஸ்க்ளூட் செய்தாயிற்று. பேசாமல் பாலிசியையே தூக்கிவிடலாமா?

பழைய_சர்வர்:
தூக்காதீங்க. ஒரு சைட்டுக்காக மற்ற எல்லா சைட்டின் பாதுகாப்பும் போய்விடும். அது போக, பாலிசியை நீக்கினால் 30 நாள் கிரேஸ் பீரியட் ஓடும், அதுவரை பாலிசி பிடித்துவைத்த ஃபைல் பிரதிகள் அப்படியே இருக்கும். எக்ஸ்க்ளூட் செய்த சைட்டுக்கு அந்த 30 நாள் கிடையாது.

நீங்கள் விலக்கிய இடம்தான் தப்பு என்று நினைக்கிறேன். 'கிளாசிக் மற்றும் கம்யூனிகேஷன் சைட்கள்' என்ற லொகேஷன் டீம்ஸ் சைட்டுக்கானது இல்லை. டீம்ஸ் சைட்டின் பின்னால் ஒரு மைக்ரோசாஃப்ட் 365 குரூப் (பொதுவான மெயில்பாக்ஸும் சைட்டும் உள்ள உறுப்பினர் குழு) இருக்கும். அந்த குரூப்பை 'மைக்ரோசாஃப்ட் 365 குரூப்' லொகேஷனில் விலக்க வேண்டும். பர்வ்யூவின் டேட்டா லைஃப்சைக்கிள் மேனேஜ்மென்ட்டில், எந்தப் பாலிசி பிடிக்கிறது என்று தேடும் 'பாலிசி லுக்கப்' இருக்கிறது. அதில் சைட்டின் முழு யூஆர்எல்லைக் கொடுத்துப் பாருங்கள், பிறகு குரூப்பின் மெயில் ஐடியையும். ஒரு எழுத்து பிசகினாலும் ஒன்றும் காட்டாது.

அடாப்டிவ் ஸ்கோப் பாலிசியாக (எந்த சைட்களுக்குப் பொருந்தும் என்பதை ஒரு க்வெரி, அதாவது தேடல் விதி, முடிவு செய்யும் வகை) இருந்தால் விலக்குப் பட்டியலே இருக்காது. ஸ்கோப்பின் க்வெரியில் அந்த சைட் வராதபடி மாற்ற வேண்டும்.

கோப்புப்புழு:
ஸ்டோரேஜ் குறையாததற்குக் காரணம் வேறு. அழித்த ஃபைலின் பிரதி அதே சைட்டில் மறைவாக உள்ள ப்ரிசர்வேஷன் ஹோல்ட் லைப்ரரிக்குப் போகிறது. அதுவும் சைட் கோட்டாவில்தான் (சைட்டுக்கு ஒதுக்கிய ஸ்டோரேஜில்) சேரும். அதைக் கையால் காலி செய்ய முயல வேண்டாம். ரிடென்ஷன் காலம் முடிந்தாலும் உடனே போகாது: காலம் முடிந்த பிரதிகளைத் தானாக அழிக்கும் டைமர் ஜாப் 7 நாளுக்கு ஒருமுறை ஓடும், அங்கே வந்து 30 நாள் தாண்டியதை மட்டும் தொடும். ஆக 37 நாள் வரை இழுக்கலாம்.

விலக்குவதற்கு முன் லீகல் டீமிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். கிரேஸ் பீரியட் இல்லாததால், ஜாப் ஓடி முடிந்த பிறகு பாலிசியைத் திரும்ப வைத்துப் பயனில்லை.

நிலா_அட்மின்:
லுக்கப்பில் குரூப் பாலிசி ஒன்று சிக்கியது. விலக்கிவிட்டேன், இப்போது ஸ்டேட்டஸ் 'பெண்டிங்'. எரர் இன்னும் வருகிறது.

பழைய_சர்வர்:
பெண்டிங் என்றால் மாற்றம் இன்னும் சைட்டுக்குப் போய்ச் சேரவில்லை. பாலிசி மாற்றம் பரவ 7 நாள் வரை ஆகலாம். அதற்குள் திரும்பத் திரும்ப எடிட் செய்யாதீங்க. 'எரர்' என்று மாறினால் மட்டும் பவர்ஷெல்லில் செட்-ரிடென்ஷன்-கம்ப்ளையன்ஸ்-பாலிசி கமாண்டை ரீட்ரை-டிஸ்ட்ரிப்யூஷன் ஸ்விட்சோடு ஓட்டுங்கள்.

ஸ்டேட்டஸ் சரியான பிறகும் தடுத்தால் இ-டிஸ்கவரி (வழக்கு, விசாரணைக்காக ஃபைல்களைத் தேடிப் பிடித்துவைக்கும் வசதி) கேஸ்களைத் திறந்து பாருங்கள். அங்கே வைத்த ஹோல்டும் சைட்டை இதே மாதிரி பிடித்துவைக்கும், ரிடென்ஷன் பக்கத்தில் எவ்வளவு தேடினாலும் அகப்படாது. அதை விடுவிப்பது கேஸ் மேனேஜர் வேலை, நம் வேலை இல்லை.

கோப்புப்புழு:
இன்னொன்று: அந்தப் பாலிசிக்கு ப்ரிசர்வேஷன் லாக் போட்டிருந்தால் க்ளோபல் அட்மினாலும் அதை நிறுத்த முடியாது, லொகேஷனைக் குறைக்கவும் முடியாது. காலம் முடியும்வரை சைட்டை ரீட்-ஒன்லி ஆக்கி வைப்பதுதான் வழி.