ஏட்டின் கடைசியில் ஒரு பெண்ணின் பெயர்

பழைய ஏடுகளைப் பார்த்த கதையை ஆளாளுக்குச் சொல்கிறீர்கள், என் பங்குக்கும் ஒன்று. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பார்த்தது மூல ஏடு அல்ல, அச்சு நகல். மூலம் ஸ்பெயினில் ஜிரோனா பேராலயத்தில் இருக்கிறது. கறை, ஓட்டை உட்பட அப்படியே எடுத்த நகல் ஒன்று நான் மேற்படிப்புப் படித்த ஊரின் நூலகத்தில் இருந்தது. நகலில் ஒரு லாபம் உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்து வைத்த ஒரே பக்கத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டியதில்லை, கையால் புரட்டலாம்.

பைபிளின் கடைசிப் பகுதியான திருவெளிப்பாட்டுக்கு எழுதிய உரை அது. வடக்கு ஸ்பெயினின் லியேபனா மலைப்பகுதியில் இருந்த பெயாத்துஸ் என்ற துறவி 776 வாக்கில் எழுதினார். நம்மூர் மூலமும் உரையும் பதிப்பு மாதிரிதான்: வேதப்பகுதியை 68 துண்டாக்கி, முதலில் மூலம், பிறகு படம், அப்புறம் விளக்கம். விளக்கத்தில் பெரும்பகுதி அகுஸ்தினார், ஜெரோம் போன்ற முன்னோர் சொன்னதன் தொகுப்பு. உலகத்துக்கு ஆயுள் 6000 ஆண்டு, அது கி.பி. 800-இல் முடிகிறது என்று கணக்கும் போட்டு வைத்தார் மனுஷர். 800 வந்தது, போனது. நான் புரட்டிய பிரதியோ 975-இல் எழுதியது! கணக்கு பொய்த்த பிறகும் ஏன் விடாமல் படி எடுத்தார்கள் என்று யோசித்தேன். எனக்கென்னவோ பாதிக் காரணம் படங்கள்தான் என்று தோன்றுகிறது.

பின்னணியில் வானமும் கிடையாது, மண்ணும் கிடையாது. மஞ்சள், சிவப்பு, நீலம் என்று பட்டை பட்டையாக நிறம், அதன்மேல் பெரிய கண்களோடு மனிதர்கள். ஒரு பறவைப் படத்தில்தான் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். பறவை பாம்பின் தலையைக் கவ்வுகிறது. கீழ்த்திசைப் பறவையாம், உடம்பெல்லாம் சேற்றைப் பூசிக்கொள்ளுமாம். இது ஒன்றுக்கும் ஆகாதது என்று பாம்பு அசந்திருக்கும்போது சேற்றை உதறிவிட்டு ஒரே கொத்து. கிறிஸ்து மனித உடல் எடுத்து வந்து சாத்தானை வென்றதற்கு இது உவமை.

கடைசியில், வேலை செய்தவர்களின் பெயர் போட்ட குறிப்பு. ‘நூலின் துறைமுகத்தை அடைந்தேன்’ என்று ஆரம்பிக்கிறது, ஏதோ கடல் தாண்டி வந்த மாலுமி மாதிரி. தேதி ஜூலை 6, ஆண்டு 1013. எனக்குக் குழப்பம், 975 என்றார்களே? நூலகத்தில் இருந்த அம்மா சிரித்துக்கொண்டே 38-ஐக் கழிக்கச் சொன்னார். அந்தக் காலத்து ஸ்பெயினின் ஆண்டுக்கணக்கு அப்படியாம்.

எழுதியவர் செனியோர். அடுத்த பெயருக்குப் பக்கத்தில் ‘ஓவியம் தீட்டியவள், கடவுளுக்குத் துணை நின்றவள்’ என்று இருக்கிறது, லத்தீனில் தெளிவாகப் பெண்பால். எழுத்துகள் ஒட்டிக் கிடப்பதால் பெயர் ‘என்’னா, ‘எந்தே’வா என்று இன்னும் வழக்கு ஓய்ந்தபாடில்லை. புள்ளி இல்லாத ஓலைச்சுவடியோடு மல்லுக்கட்டியவர்களுக்கு அந்தச் சங்கடம் புரியும். அவளுக்குப் பிறகுதான் எமெத்தேரியுஸ் என்ற துறவியின் பெயர்.

இந்த எமெத்தேரியுஸ் 970-இல் இதே உரையின் இன்னொரு பிரதியை முடித்துக் கொடுத்தவர். குரு மாகியுஸ் பாதியில் இறந்துபோக, வேலை இவர் தலையில் விழுந்தது. தாபரா மடத்துக் கல் கோபுரத்தில் மூன்று மாதம் குனிந்தே உட்கார்ந்து, எழுதுகோலால் உடம்பெல்லாம் நொந்துபோனதாக அந்த ஏட்டிலேயே புலம்பி வைத்திருக்கிறார். கூட வேலை செய்தவளின் புலம்பல் ஒரு வரிகூட இல்லை.

எது அவள் கை, எது இவர் கை என்று கண்டுபிடித்துவிடும் ஆசையில் முதலிலிருந்து மறுபடி புரட்ட ஆரம்பித்தேன். பறவைப் பக்கத்துக்கு வந்தபோது நூலகம் மூடும் நேரமாகிவிட்டது. அந்த அம்மா பெட்டியோடு வந்து நின்றார்.