மூக்கு சொட்டு மருந்தை நிறுத்த முடியாமல் தவித்தவர்கள் எழுதுங்கள்

தாமிரபரணிக்கரை

ஜலதோஷத்துக்கு ஐந்து நாளைக்கென்று வாங்கியது, நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டது. எந்த மருந்து என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தலையணைக்கடியில் ஒன்று, அலுவலக மேசையில் ஒன்று, ஸ்கூட்டரில் ஒன்று.

சென்ற மே மாதம் நெல்லை எக்ஸ்பிரஸில் மகளுடன் ஊருக்குப் போனேன். அவளுக்கு ஏழு வயது. செங்கல்பட்டு தாண்டியதும் பையைத் துழாவினேன், குப்பி இல்லை. விழுப்புரத்தில் ஒரு பக்கம் அடைத்தது. திருச்சி வருவதற்குள் இரண்டும். நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வண்டி நின்றதும் குழந்தையை எழுப்பவில்லை, பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லவில்லை, இறங்கி ஓடினேன். தேநீர் விற்பவரிடம் மருந்துக்கடை எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தபோதே வண்டி நகர்ந்தது. பின்னால் வந்த ஏதோ ஒரு பெட்டியின் கம்பியைப் பிடித்து ஏறி, நான்கு பெட்டிகளைக் கடந்து வந்து பார்த்தேன். மகள் எழுந்து உட்கார்ந்து என் காலிப் படுக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அந்த முகம்தான் என்னை விட மறுக்கிறது.

மாங்கனி நகரம்

பழக்கம் எனக்கு இல்லை, என் மாமியாருக்கு. மகனுக்கு அப்போது ஒன்றரை வயது. சளியில் பால் குடிக்க முடியாமல் அழுதிருக்கிறான். தன் குப்பியிலிருந்தே இரண்டு பக்கமும் விட்டிருக்கிறார், அடங்கவில்லை என்று மறுபடியும். அன்பில் செய்ததுதான். மாலை நான் வேலையிலிருந்து வந்தபோது அவர் தோளில் துவண்டு கிடந்தான், உடம்பு சில்லிட்டிருந்தது. மருத்துவமனையில் இதயத்துடிப்பு குறைந்திருக்கிறது என்றார்கள். "வேறு என்ன கொடுத்தீர்கள்?" என்று மூன்றாவது முறை கேட்ட பிறகு மாமியார் முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்தக் குப்பியை எடுத்தார். கை நடுங்கியது. பிள்ளை மறுநாள் தேறிவிட்டான். அந்த முடிச்சை அவர் அவிழ்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மலைக்கோட்டை

முதல் பதிவருக்கு: பழியை மருந்தின் மேல் போடாதீர்கள். எத்தனை நாள் என்று அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறது. நானும் பதினோரு மாதம் மூக்கில் சொட்டு விட்டுக்கொண்டிருந்தவன்தான். ஒரே நாளில் குப்பியைத் தூக்கி எறிந்தேன். ஒன்பது இரவுகள் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினேன். பத்தாம் நாள் விடியற்காலையில் மனைவி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள், சாண வாசனை வந்தது. பதினோரு மாதத்துக்குப் பிறகு எனக்கு வந்த முதல் வாசனை அது. உறுதி இருந்தால் முடியும்.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர்

மலைக்கோட்டை அவர்களே, விரலளவு குப்பியில் எறும்பு போன்ற ஆங்கில எழுத்தை யார் படிக்கிறார்கள்? 31 ஆண்டுகள் மருந்துக்கடையில் நின்றவன் நான். சனிக்கிழமைதோறும் ஓர் இளைஞர் மூன்று குப்பி வாங்குவார். ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். சில்லறையை எண்ணிக் கொடுத்தேன். ஒருநாள் மூக்கில் ரத்தக் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வந்து நான்காவது கேட்டார்.

இது உறுதி சம்பந்தப்பட்டதே அல்ல. இந்தச் சொட்டுகளில் இருக்கும் சைலோமெட்டாசோலினும் ஆக்சிமெட்டாசோலினும் மூக்கின் உட்சவ்வில் உள்ள ரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன, வழி திறக்கிறது. நாள் கணக்கில் விட்டுக்கொண்டே இருந்தால், மருந்தின் வேகம் தணிந்ததும் சவ்வு முன்பைவிட வீங்குகிறது. சளி போய் மாதங்கள் ஆன பிறகும் இருக்கிறதே ஓர் அடைப்பு, அதை உண்டாக்குவது மருந்துதான். ரைனிட்டிஸ் மெடிக்கமென்டோசா என்று அதற்குத் தனிப் பெயரே இருக்கிறது.

தாமிரபரணிக்கரைத் தம்பி, முதலில் ஒரு பக்கம் மட்டும் நிறுத்துங்கள். அது திறந்த பிறகு அடுத்தது. காது மூக்கு தொண்டை மருத்துவர் ஃபுளுட்டிகசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதித் தரக்கூடும். அது வேலை செய்யச் சில நாள் ஆகும், முதல் இரவே பயனில்லை என்று வைத்துவிடாதீர்கள். உப்புநீரால் கழுவலாம், காய்ச்சி ஆறிய நீராக இருக்கட்டும். முதன்முதலில் ஏன் அடைத்தது, ஒவ்வாமையா, மூக்கின் நடுத்தண்டு வளைவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சொட்டை விட்டு மாத்திரைக்குத் தாவ வேண்டாம். வாய்வழி ஃபினைலெஃப்ரின் மூக்கடைப்பை நீக்குவதற்குச் சான்றில்லை என்று 2023 செப்டம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 16-0 என வாக்களித்தது. சூடோஎஃபெட்ரின் மாத்திரைக்கு அடைப்பு கேட்கும், ஆனால் ரத்த அழுத்தத்தை ஏற்றலாம், தூக்கத்தையும் கெடுக்கும்.

சேலத்துச் சகோதரிக்கு: பெரியவர்களின் சைலோமெட்டாசோலின் 0.1 சதவீதம், பிள்ளைகளுக்கானது 0.05. அதையும் அந்த வயதில் மருத்துவர் சொல்லாமல் விடக் கூடாது. மாமியாரைக் கடிந்துகொள்ளாதீர்கள், விற்றவன் சொல்லியிருக்க வேண்டும்.

மலைக்கோட்டை

ஒரு பக்கம் என்று ஆரம்பித்தால் குப்பி வீட்டிலேயே இருக்கும் ஐயா. நள்ளிரவில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுதான் ஆபத்து.

மாங்கனி நகரம்

கடியவில்லை ஐயா. அன்றிலிருந்து அவரே குப்பியை அலமாரியின் மேல்தட்டில் வைத்துப் பூட்டுகிறார். நிறுத்தத்தான் முடியவில்லை, 68 வயது, ரத்த அழுத்தமும் இருக்கிறது. அடுத்த வாரம் மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன்.

தாமிரபரணிக்கரை

வலது பக்கம் நிறுத்தி இன்று ஆறாம் நாள். கொஞ்சம் காற்று போகிறது. இடதில் இன்னும் விடுகிறேன். இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட மகள் விழித்துக்கொண்டு, "எங்கே அப்பா போகிறாய்?" என்று கேட்கிறாள்.